அசையாத சைபர்

"மேடம், நாங்க செஞ்ச மீட்டர் ஓட ஆரம்பிச்சிருச்சு. சைபர்ல கல்லு மாதிரி நிக்குது" என்று போன ஞாயிற்றுக்கிழமை உங்களில் இரண்டு பேர் துள்ளிக்கொண்டு வந்து சொன்னீர்கள். நான் பாராட்டவில்லை. மூடியைக் கழற்றுங்கள் என்றேன். கிழவிக்கு இன்று காலையிலேயே கோபம் என்று நீங்கள் படியில் இறங்கும்போது பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. கோபம்தான். ஆனால் உங்கள் மேல் இல்லை. யார் மேல் என்பதைத்தான் எழுதுகிறேன்.

என்னைச் சரியாகத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. தூத்துக்குடியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் கருவிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிறந்தது உடன்குடிப் பக்கம். பனையைப் பார்த்து வளர்ந்தவள், கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஓய்வுக்குப் பிறகு மாப்பிள்ளையூரணியில் என் வீட்டு மாடியறையில் சாலிடரிங் அயர்னும் பழைய மல்டிமீட்டருமாக உட்கார்ந்துவிட்டேன். அமிலத்தில் நனைந்த மின்முனைகளும் அவற்றிலிருந்து வரும் கடுகளவு மின்னோட்டமும்தான் எனக்குப் பிடித்த விளையாட்டு. ஞாயிறுதோறும் கருவி செய்யப் பழக நீங்கள் வந்து என் காப்பித்தூளைத் தீர்ப்பது அந்த அறையில்தான்.

சர்க்யூட் போடுவது எப்படி என்று இங்கே எழுதப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட வேகமாக வருகிறது. சர்க்யூட் சரியாக இருந்தும் அதைச் செய்தவள் எப்படிச் சறுக்கினாள் என்பதுதான் விஷயம்.

அதற்கு முன்னால் தொழிற்சாலைக் காலத்துச் சம்பவம் ஒன்று. பின்னால் அது தேவைப்படும். ஒருநாள் பம்ப் அறையில் வாயு அலாரம் அடித்தது. நான் ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே ஓடி, மீட்டரின் மூடியைத் திறந்து, எந்த வயர் கோளாறு என்று தேட ஆரம்பித்தேன். கருவிப் பிரிவுக்காரியின் புத்தி வேறு எப்படிப் போகும்? அந்த ஷிப்டில் வால்வு பார்க்கிற ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். என்னைவிடச் சின்னவர். என் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்து வந்து வால்வை மூடினார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"யக்கா, மீட்டர் பொய் சொன்னா நாளைக்குத் திருத்திக்கிடலாம். நெசம் சொல்லிருந்தா ஒங்கள யாரு திருத்துவா?"

அலாரம் பொய்தான். மீட்டருக்குள் ஈரம் இறங்கியிருந்தது. நான் வெற்றிக் களிப்போடு அதை அவரிடம் காட்டினேன். அவர் பார்க்கக்கூட இல்லை. டீ குடிக்கப் போய்விட்டார்.

இனி ரீத்தா. எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். என் சர்க்யூட் படங்களை நகல் எடுத்துத் தருவது அவள்தான். ஒருநாள் ஒரு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னதுக்கா, கோலமா?" என்று கேட்டாள்.

"கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் ரூமுக்கு ஒரு பொட்டி. இஞ்சின் புகை ரொம்பப் போச்சுன்னா கத்தும்" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. மிஷினை அணைத்தாள். "தண்ணிக்குள்ள போற காத்துல புகை கலந்தா அதுவும் கத்துமா?" என்றாள்.

அவள் புருஷன் மிக்கேல் சங்கு குளிக்கிறவன். வள்ளத்தில் ஒரு சின்ன எஞ்சின் ஓடும். அது கம்ப்ரசரைச் சுற்றும். கம்ப்ரசர் காற்றை இழுத்து ஒரு டேங்கில் அடைத்து, நீண்ட குழாய் வழியாகக் கீழே அனுப்பும். குழாயின் நுனியைக் கடித்துக்கொண்டு மிக்கேல் ஏழு பாகத் தண்ணீரில், அதாவது ஏழு ஆள் ஆழத்தில், மணலைத் துழாவிக்கொண்டிருப்பான். எஞ்சின் விடுகிற புகையும் கம்ப்ரசர் இழுக்கிற காற்றும் ஒரே வள்ளத்தில்தான். காற்று நன்றாக அடித்தால் புகை ஒரு பக்கமாகப் போய்விடும். அடிக்காவிட்டால் அதே புகையைக் கம்ப்ரசர் இழுத்து அவனுக்கு ஊட்டும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. அந்த மாதத்தில் இரண்டு தடவை மிக்கேல் தலைவலியோடு வந்து வாந்தி எடுத்திருக்கிறான். அடுத்த தெருவில் ஒருவர் நினைவு தப்பியே மேலே வந்திருக்கிறார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றை மேலே பிடித்துக்கொண்டிருப்பது அவன் மச்சானாக இருக்க வேண்டும். பெண்டாட்டியின் அண்ணன், இல்லையென்றால் தம்பி. கூடப் பிறந்தவள் தாலியறுப்பதை எவன் பார்த்துக்கொண்டிருப்பான் என்பதுதான் அதன் கணக்கு. மிக்கேலின் கயிறு ரீத்தாவின் அண்ணன் சூசையிடம்.

"கயிறு எங்க அண்ணன் கையில இருக்கு. அதுல எனக்குப் பயமில்லக்கா. காத்துக்குத்தான் மச்சான் யாருமில்ல" என்றாள் ரீத்தா.

என்னை மடக்க அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மீட்டர் காற்றைச் சுத்தம் செய்யாது. நல்ல கம்ப்ரசர் வேண்டும், வடிகட்டி வேண்டும், முறையான பயிற்சி வேண்டும் என்றேன். "அதெல்லாம் வாரப்ப வரட்டும்க்கா. நாளைக்கு இருக்கிறத வச்சுத்தான எறங்கப் போறாரு" என்றாள்.

பதினைந்து நாளில் மீட்டர் தயார். சென்சாருக்குள் மூன்று மின்முனைகள், கொஞ்சம் அமிலம். கார்பன் மோனாக்சைடு உள்ளே போனால் ஒரு முனையில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கும். மின்முனையின் மின்னழுத்தத்தை நிலையாகப் பிடித்து வைக்க ஓர் ஆப்-ஆம்ப் சில்லு, மின்னோட்டத்தை எண்ணாக மாற்ற இன்னொன்று. டேங்கிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றைப் பிரித்து, சென்சார் இருக்கிற ஊறுகாய் பாட்டிலுக்குள் விட்டேன். உப்புக் காற்றின் ஈரம் போர்டில் படிந்தால் அதுவே பொய் மின்னோட்டம் கொடுக்கும். ஸ்பிரிட்டால் துடைத்து, என் மருமகளின் நகப்பூச்சை எடுத்து இரண்டு பூச்சு பூசினேன். தெரிந்தவர் ஒருவரின் ஆய்வகத்தில் அளவு தெரிந்த வாயுவை விட்டுச் சரிபார்த்தேன். எண் அச்சாக நின்றது. கர்வமாக இருந்தது. இருக்கத்தானே செய்யும்.

சூசைக்குப் பழக்கிக் கொடுத்தேன். ஸ்விட்சைப் போட்டால் "சைபர் செய்" என்று கேட்கும். பொத்தானை அமுக்கினால் அந்த நேரத்துக் காற்றைச் சுத்தமான காற்று என்று எடுத்துக்கொண்டு அங்கிருந்து எண்ணும். நல்ல சென்சார் சுத்தமான காற்றிலும் சும்மா இருக்காது. ஒன்று காட்டும், சைபர் காட்டும், மைனஸ் ஒன்று காட்டும், திரும்ப இரண்டு காட்டும். உயிருள்ள எதுவும் அப்படித்தான் லேசாக ஆடிக்கொண்டிருக்கும்.

மைனஸைப் பார்த்ததும் சூசை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "என்னக்கா, ஒண்ணுமில்லாததுக்கும் கீழ ஒண்ணு இருக்கா? புகையே இல்லங்கதா, இல்ல இல்லாத புகையும் போயிருச்சுங்கதா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. கோளாறான சாமானைக் கொடுத்துவிட்டாள் என்று நினைப்பார்களோ என்று தோன்றியது. மேலே ஏறிப் போய் புரோகிராமில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். சைபருக்குக் கீழே எந்த எண் வந்தாலும் சைபர் என்றே காட்டு. பார்க்க லட்சணமாகிவிட்டது. சூசைக்கும் திருப்தி. பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான், ஆனால் அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

முதல் மூன்று வாரம் மீட்டர் ராஜாவாக இருந்தது. சூசை விடியற்காலையில் வீட்டு வாசலிலேயே ஸ்விட்சைப் போட்டு, சைபர் செய்து, வள்ளத்துக்குக் கொண்டுபோவான். ஒருநாள் எண் ஏறிக் கத்தியது. மிக்கேலை மேலே கூப்பிட்டு, கம்ப்ரசர் வெளிக்காற்றை இழுக்கும் குழாயை இடம் மாற்றிவிட்டுத் திரும்ப இறக்கினார்கள். அந்த வாரம் முழுவதும் ரீத்தா எனக்கு ஜெராக்ஸுக்குக் காசு வாங்கவில்லை.

நான்காவது வாரம் ஒரு காலை. பதினொரு மணி இருக்கும். ரீத்தா ஒரு பையில் சீலா மீன் துண்டுகளோடு மாடியேறி வந்தாள். "வெட்டித்தான் கொண்டாந்திருக்கேன். நீங்க முள்ளுக்குப் பயப்படுவியன்னு தெரியும்" என்று கேலி செய்துகொண்டிருந்தபோது என் போன் அடித்தது. சூசை. என் கையெல்லாம் சாலிடர் பிசின். ரீத்தாவையே எடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"யக்கா, ஒங்க மீட்டருக்கு மாலதான் போடணும்! காலைலேருந்து சைபரு. ஒரு மயிரிழை அசையல. மாப்பிள நாலாவது தடவ எறங்கிருக்கான். இன்னைக்குச் சங்கு அள்ள அள்ள வருது. அதச் சொல்லத்தான் போட்டேன்."

கேட்டதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ரீத்தா என்னைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் அவன் சொன்ன ஒரு வார்த்தை உள்ளே தைத்தது. அசையல.

"சூசை, ஒண்ணு ரெண்டுகூட வரலியா? நடுவுல நடுவுல?"

"வரலக்கா. சொன்னேம்லா, சைபருன்னா சைபரு."

"காலைல எங்க வச்சு சைபர் பண்ணுன?"

"இங்கனதான். வந்து பாத்தா பேட்டரி செத்துக் கெடந்தது. புதுசு மாத்துனேன். சைபர் பண்ணுன்னு கேட்டுச்சு, பண்ணிட்டேன்."

"அப்ப இஞ்சின் ஓடிக்கிட்டிருந்ததா?"

"ஓடாம? மாப்பிள மொத தடவ அப்பமே எறங்கிட்டான்லா."

"காத்து எப்படி இருக்கு?"

"காத்தே இல்லக்கா. கரைக்காத்து காலைலயே விழுந்துட்டு. கடல்லேருந்து வார கொண்டல் இன்னும் எழும்பல. கடல் எண்ணெய் கணக்கா கெடக்கு. எனக்கே லேசா மண்ட வலிக்கி. வெயிலு."

வெயிலில்லை. காற்று விழுந்த கடலில் புகை வள்ளத்தைச் சுற்றியே கிடந்திருக்கிறது. அந்தப் புகைக் காற்றை டேங்கிலிருந்து வாங்கி, இதுதான் சுத்தமான காற்று என்று மீட்டருக்குச் சூசை சொல்லிவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஸ்விட்சைப் போட்டதும் அமுக்கு என்று சொன்னது நான். எங்கே வைத்து அமுக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. என் மாடியறையில் ஜன்னலைத் திறந்தால் நல்ல காற்று வரும். அதனால் அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. அவன் அமுக்கியபோது புகை உச்சத்தில் இருந்திருக்க வேண்டும். அது கொஞ்சம் குறைந்தபோதெல்லாம் மீட்டர் மைனஸ் காட்டிக் கதறியிருக்கும். மைனஸ் இருபது, மைனஸ் முப்பது. அதைப் பார்த்திருந்தால் சிரிக்கிற சூசைகூட, "யக்கா, இது என்னமோ கோட்டியாட்டம் காட்டுது" என்று எப்போதோ போன் போட்டிருப்பான். அந்த வாயை நான்தான் ஒரு வரி எழுதி அடைத்திருந்தேன்.

இவ்வளவும் எனக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் ஆகியிருக்கும். அடுத்த மூச்சில் என் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. "சூசை, மீட்டரத் தூக்கிக்கிட்டு அணியத்துக்குப் போ, அங்க வச்சுத் திரும்ப சைபர் பண்ணி, டேங்குக் காத்தத் திரும்ப விட்டுப் பாரு" என்று சொல்ல வாயெடுத்தேன். அணியம் என்றால் வள்ளத்தின் முன்முனை. நல்ல சோதனைதான். ஐந்து நிமிடத்தில் சந்தேகம் தீரும். எனக்கும் மானம் போகாது. ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருந்து, சங்கு அள்ளுகிற நாளில் மிக்கேலை வீணாக மேலே இழுக்க வைத்தால், இனி அந்த மீட்டர் கத்தினால்கூட யாரும் காது கொடுக்க மாட்டார்கள். இதெல்லாம் நியாயமான யோசனைகள். அந்த ஐந்து நிமிடமும் மிக்கேல் கீழே அதே காற்றை இழுத்துக்கொண்டிருப்பான் என்பது மட்டும் அதில் இல்லை.

பம்ப் அறை வாசலில் என் கையைப் பிடித்து இழுத்த ஆபரேட்டரை நினைத்துக்கொண்டேன்.

"சூசை, மிக்கேல இப்பமே மேல எடு."

"என்னத்துக்குக்கா? இப்பதான எறங்குனான்? மீட்டர் சைபர்தான காட்டுது?"

"மீட்டர் பொய் சொல்லுது."

"மீட்டர நம்புன்னு சொன்னதே நீங்கதானக்கா."

"நானே செஞ்ச மீட்டர். நானே சொல்லுதேன், அது பொய் சொல்லுது. எடு அவன!"

அவன் குரல் மாறியது. "அப்பம் இஞ்சின அணைச்சிருதேன்."

"அணைக்காத!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லை. புகைக்குக் காரணம் எஞ்சின் என்றால் யாருக்கும் கை முதலில் அங்கேதான் போகும். ஆனால் எஞ்சின் நின்றால் கீழே இருப்பவனுக்குக் காற்றே நின்றுவிடும். அந்தச் சின்ன டேங்கில் எவ்வளவு மிச்சமிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கெட்ட காற்றோடு ஒருவன் மேலே வந்து சேர்ந்துவிடலாம், காற்றே இல்லாமல் வர முடியாது. "இஞ்சின் ஓடட்டும். கூட இருக்கவன்ட்ட சொல்லி காத்து இழுக்கிற குழாய அணியத்துக்குத் தூக்கிப் பிடிக்கச் சொல்லு, புகைய விட்டுத் தள்ளி. நீ கயித்த இழு. வெடுக்குன்னு இழுக்காத. ஆனா நிறுத்தாத."

ரீத்தா போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "அண்ணே, அக்கா சொல்லுதாங்கல்லா, இழுண்ணே!" என்றாள். அதற்கு மேல் அந்தப் பக்கம் சத்தமில்லை. சிக்னல் போய்விட்டது.

நாங்கள் திரும்பத் திரும்ப அடித்தோம். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று போனில் பதிவுக் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ரீத்தா அழவில்லை. மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் சேலை நனைந்தது. ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏற்கெனவே என் பெட்டி ஒரு பொய் சொல்லியிருந்தது, நானும் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன்.

"தப்பு என்னுது ரீத்தா" என்று மட்டும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். கேட்டுக்கொண்டாள் என்பதற்கா, இப்போது பேசாதே என்பதற்கா, தெரியவில்லை.

போன் அடித்தது. சூசைக்கு மூச்சு வாங்கியது.

"எடுத்தாச்சு. மூணு தடவ கயித்த ஆட்டுனேன். மேல வான்னு அர்த்தம். எப்பமும் கீழருந்து ஒரு இழுப்பு இழுத்துப் பதில் சொல்லுவான். சொல்லல. திரும்ப ஆட்டுனேன், அதுக்கும் சொல்லல. பொறவு நானே இழுத்துட்டேன். கண்ணு தெறந்திருக்கு, ஆனா நான் யாருன்னு கேக்கான். வாந்தி எடுக்கான். அணியத்துல படுக்க வச்சிருக்கோம். கரைக்கு வாரோம்."

"பேசுதாருல்லா?" என்றாள் ரீத்தா.

"பேசுதான். ஒன் பேரச் சொல்லுதான். என் பேருதான் மறந்துட்டாம், பாவிப்பய."

அப்போதுதான் ரீத்தா அழுதாள். நானும்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது நாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். போனதும் எல்லாம் மறந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். எங்கே வைத்து சைபர் செய்வது என்று சொல்லித்தராதது, மைனஸை மறைத்தது, இரண்டையும்.

மிக்கேல் பெரிய மனசுக்காரன். "மீட்டர் இல்லன்னா மச்சான் ஒங்களுக்குப் போனே போட்டிருக்க மாட்டான். அப்படிப் பாத்தா மீட்டர்தான என்னக் காப்பாத்துச்சு" என்றான்.

அதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க ஆசையாகத்தான் இருந்தது. ரீத்தா விடவில்லை.

"மைனஸ என்னத்துக்கு மறைச்சிய?"

"பாக்க அசிங்கமா இருந்தது."

"யாருக்கு?"

சூசைக்கு என்று சொல்லலாம். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். "எனக்கு" என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போய் மீட்டரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். இதோடு சரி, எடுத்துக்கொண்டு போ என்கிறாள் என்று நினைத்தேன்.

"இது இல்லாம அவர எறங்க விடமாட்டேன்" என்றாள். "ஆனா திருத்திட்டுத் தாங்க. தந்துட்டு, மொத நாள் நீங்களும் வள்ளத்துல ஏறணும். கரையில நின்னு எந்த மச்சானும் கயிறு பிடிச்சதில்லக்கா."

நம் தொழிலைப் பற்றி இதைவிடக் கறாராக யாரும் என்னிடம் சொன்னதில்லை. நாம் மேசையில் உட்கார்ந்து செய்கிறோம், வேறொருவர் அதை நம்பி மூச்சு விடுகிறார். ஆய்வகத்தில் எண் அச்சாக நின்றால் நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பேட்டரி எங்கே செத்துப்போகும், பொத்தானை எந்தக் காற்றில் அமுக்குவார்கள், எதைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பதெல்லாம் வள்ளத்தில் இருப்பவனுக்குத்தான் தெரியும். சிரித்துவிட்டுப் போகட்டும். சிரிப்புக்குப் பயந்து எண்ணை வெட்டாதீர்கள்.

திருத்தினேன். மைனஸ் மைனஸாகவே தெரியும். பேட்டரியை மாற்றினாலும் பழைய சைபர் நினைவில் நிற்கும். சைபர் பொத்தானை மூடிக்குள் தள்ளிவிட்டேன், கரையில் வைத்துத் திறந்தால்தான் எட்டும். இறங்குவதற்கு முன்னால் ஒருமுறை எஞ்சின் புகையைக் கொஞ்சம் காட்டி, எண் ஏறுகிறதா, எடுத்ததும் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்று அட்டையில் எழுதி ஒட்டினேன். காற்று இழுக்கும் குழாயை அணியத்தில் ஒரு மூங்கிலில் உயரக் கட்டினார்கள். அது சூசையின் யோசனை, அந்தப் பெருமை அவனுக்கு.

ஒரு மாதம் கழித்து, மருத்துவர் சரி என்ற பிறகு, மிக்கேல் திரும்ப இறங்கினான். நானும் வள்ளத்தில் ஏறினேன். துறைமுகத்துப் பக்கச் சுவரைத் தாண்டுவதற்குள் காலையில் தின்ற இட்லி மொத்தமும் வெளியே வந்துவிட்டது. சூசை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். அதற்கு அவனுக்கு உரிமை உண்டு.

நங்கூரம் போட்டார்கள். எஞ்சின் ஓடியது. மிக்கேல் இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையைச் சூசையிடம் கொடுத்தான். குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். நான் மீட்டரை மடியில் வைத்திருந்தேன். சென்சாருக்குப் புகையைக் காட்டினேன், எண் ஏறியது. எடுத்தேன், இறங்கியது. அப்புறம் டேங்குக் காற்றைத் திறந்துவிட்டுக் காத்திருந்தேன். ஒன்று. சைபர். மைனஸ் ஒன்று. இரண்டு. சைபர்.

"யக்கா, அசையுதா?" என்று கேட்டான் மிக்கேல்.

இன்னொரு தடவை பார்த்தேன். வாந்தி வந்த வாயைத் துடைத்துக்கொண்டு இன்னும் ஒரு தடவை பார்த்தேன்.

"அசையுது" என்றேன்.

அவன் குழாயைக் கடித்துக்கொண்டு கீழே போனான். சூசையின் கையில் கயிறு ஓடியது. மிக்கேல் மேலே வரும்வரை நான் அந்த எண்ணைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.